ஏழாவது தும்மல்

முதல் தும்மல் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்பே அவர் கிரேனின் இரண்டு லீவர்களிலிருந்தும் கையை எடுத்துவிடுவார். முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு வாக்கி-டாக்கியில் ஒரே ஒரு சொல் சொல்வார்: “நில்லு.” எழுபது மீட்டர் கீழே, மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் வலது கையைத் தூக்கி முஷ்டியை மூடுவார். இரும்புக் கம்பிக் கட்டோடு கொக்கி அந்தரத்தில் நிற்கும். கம்பி வளைக்கிறவர்கள், சாந்து கலக்குகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு வாக்கி-டாக்கி வழியாகத் தும்மல்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். கீழே நிற்பவர் எண்ணுவார். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” ஏழு வந்ததும் முஷ்டி திறக்கும். கொக்கி நகரும். சைட்டுக்கு மறுபடி உயிர் வரும்.

பதினொரு வருடங்களாக, மூன்று கட்டடங்களாக இது நடக்கிறது. ஆறில் நின்றதில்லை, எட்டுக்குப் போனதில்லை. அதனால் டவர் கிரேன் ஓட்டும் அவருக்கு ‘ஏழு’ என்றே பெயராகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், இவர் தன் வீட்டில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “மத்த ஆறு பேரும் என்ன பண்றாங்கண்ணே?” என்று கேட்டாராம்.

“எல்லாரும் மூக்குக்குள்ளதான் குடியிருக்காங்க,” என்றார் ஏழு.

வருடம் முழுக்க இந்த அவஸ்தை இல்லை. ஊரின் விளிம்பில் ஒரு ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், வீடுகள் முடிகிற இடத்திலிருந்து கரைவரை இடுப்பளவுப் புல். புல்லும் பூக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் பூவுக்கு நிறம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மேகமும் மழையும் விலகி வெயில் நிலைக்கும் அந்த இரண்டரை மாதம், புல்வெளியின் மேல் வெளிறிய மஞ்சளில் ஒரு புகை எழுந்து அலைந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது அழகு. ஏழுவுக்கு அந்த அழகு நேராகக் கண்ணில் வந்து உட்காரும். இரண்டு கண்களும் செக்கச்செவேல் என்றாகி நீர் கோத்துக்கொள்ளும். மேலண்ணம் அரிக்கும். அதை நாக்கால் சொறிவார். ‘டொக் டொக்’ என்று சத்தம் வரும். “இந்த வீட்டுக்குப் பல்லி தேவையில்ல, இவர் ஒருத்தர் போதும்” என்பார் அவர் மனைவி.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. மீசையில் தூள் தங்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து மீசை இல்லை. வேலை முடிந்து வந்ததும் தலைக்குக் குளிக்காமல் கட்டிலில் உட்காரமாட்டார். யார் எந்த வைத்தியம் சொன்னாலும் ஒரு வாரம் செய்து பார்க்காமல் விட்டதில்லை. ஆவி பிடித்தார். உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுத்தார். மூக்கு ஓரத்தில் வாஸ்லின் தடவிக்கொண்டார். ‘என்ன மாமா, மூக்குக்கு மட்டும் அலங்காரம்?’ என்று பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். நீச்சல்காரர்கள் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். சட்டைப் பையில் அரை வெங்காயம் வைத்துக்கொண்டு திரிந்ததில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு எப்போதும் காலியாகக் கிடைத்ததுதான் கண்ட பலன்.

மாத்திரை மட்டும் தொடமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், தொல்லை தாங்காமல் மருந்துக்கடையில் வாங்கிய ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டார். கொக்கியில் பாரம் ஏதும் இல்லாத நேரம் அது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கனவில், கிரேனின் நீண்ட கை துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. ஊரிலுள்ள எல்லாருடைய துணிகளும் அதில் தொங்குகின்றன. சட்டைகள், புடவைகள், குழந்தைகளின் சின்னக் கால்சட்டைகள் எல்லாம் காற்றில் உப்பி மெதுவாக, மிக மெதுவாக ஊரின் மேல் சுற்றி வருகின்றன. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார், எதுவும் காயவில்லை. வாக்கி-டாக்கி கத்திக் கத்தி எழுப்பியபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. கீழே இருந்தவர் இன்ஜினியரிடம், “கிரீஸ் போட்டுக்கிட்டிருக்காரு சார்” என்று சொல்லிக் காப்பாற்றினார். அன்று மாலை ஏழு அவரிடம், “கொக்கியில கம்பி இருந்திருந்தா?” என்று கேட்டார். மீதி மாத்திரைகள் சாக்கடைக்குப் போயின.

கீழே இருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் சிக்னல்காரர். அவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏழுவின் கை செய்யும். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒருவர் மச்சான், ஒருவர் மாப்பிள்ளை. பகல் முழுவதும் காதோடு காதாகப் பேசிக்கொள்கிறவர்கள் என்றாலும், மச்சான் என்றால் ஏழுவுக்கு முதலில் நினைவு வருவது ஒரு மஞ்சள் வட்டம்தான். ஒரு நாள் கடைத்தெருவில் ஹெல்மெட் இல்லாமல் வந்த மச்சானை அடையாளம் தெரியாமல் கடந்து போய்விட்டார். “குனிஞ்சு உச்சந்தலையைக் காட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று பிறகு சமாதானம் சொன்னார்.

மேலே ஏற இருபது நிமிடம் ஆகும். இரும்பு ஏணிதான், நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளத் தட்டுகள். ஏறி முடித்து, கண்ணாடிக் கேபினுக்குள் நுழைந்து கதவைச் சாத்தி, பையைத் திறப்பார். சாப்பாட்டு டப்பாவைச் சுற்றி நான்காக மடித்த வெள்ளைத் துண்டு இருக்கும். முகம், கழுத்து, காதுக்குப் பின்னால் என்று வியர்வையை அழுத்தித் துடைத்துக்கொண்டு உட்காருவார். பத்து நிமிடத்தில் முதல் ‘நில்லு’ வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று. மூன்றுக்கும் அவரிடம் மூன்று விளக்கங்கள் இருந்தன. காலையில் வருவது, கீழேயிருந்து மூக்கில் சுமந்து வந்த பழைய சரக்கு. மதியம் வருவது சாப்பாட்டுச் சூடு. சாயங்காலம் வருவது காற்று திரும்புவதால்.

இவை தவிர மற்ற நேரங்களில் மேலே அவருக்குச் சொர்க்கம். அரிப்பு அடங்கும். ஒரு மூக்காவது வழி விடும். கண்ணில் நீர் கோத்தபடியே இருப்பதால், கீழே ஊர் தண்ணீருக்கடியில் இருப்பது போல அசையும். கூரைகள் மிதக்கும், தெருக்கள் நெளியும், பஸ்கள் மீன் போல வளைந்து திரும்பும். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் லீவர் மேல் கை வைத்துக்கொண்டு, தன் மூச்சின் சத்தத்தைத் தானே கேட்டபடி அவர் உட்கார்ந்திருப்பார். “மேல இருக்கிறது கழுவின காத்து மச்சான்” என்பார். மாலையில் இறங்கும்போது எட்டாவது தட்டில் மூக்கு அடைக்கும் என்று அடித்துச் சொல்வார். குளத்துக்குள் படி இறங்குவது போல ஒவ்வொரு தட்டாக அவர் தன் நோய்க்குள் இறங்குவார்.

பதினோரு மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. நான்கு தெரு தள்ளி, புல்வெளியைப் பார்த்தபடி நிற்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில் முதல் மாடியில் அவர் வீடு. வெயில் நாட்களில் அந்த நேரத்துக்கு அதன் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைக் கறை தோன்றும். அது அவர் மனைவி. கொக்கி காலியாக இருந்தால் அதை ஒரு முறை கிரேன் கையின் நுனிவரை ஓட்டித் திரும்பக் கொண்டுவருவார். வெள்ளைக் கறை ஒரு துணியை வீசிக் காட்டும். முப்பது வருட இல்லறத்தில் இவ்வளவு தூரத்திலிருந்து பேசிக்கொள்ளும் பேச்சுதான் சண்டையில் முடியாத ஒரே பேச்சு என்பார்.

இந்த வருடம் புல் பூக்கத் தொடங்கிய வாரம் புதிய பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். இருபத்தைந்து வயதுப் பெண். முதல் நாளே ‘நில்லு’வைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. தும்மும்போது கண் மூடும், அந்த நேரம் கொக்கியில் இரண்டு டன் இருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் ஏழுவை அழைத்தார்.

“உக்காருங்கண்ணே.”

“பரவால்லம்மா. நாள் பூரா உக்காந்துதானே இருக்கேன்.”

“எங்கப்பா சென்ட்ரிங் வேலை பார்த்தவர். சாரத்துலேருந்து விழுந்து இடுப்பு போச்சு. அதனால இதைப் பாத்தும் பாக்காத மாதிரி என்னால இருக்க முடியல. ஒண்ணு, பத்து நாளைக்குள்ள தும்மல் நிக்கணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும். இல்லேன்னா புல்லு அடங்குற வரைக்கும் ஸ்டோர்ல இருங்க. வேற ஆள் ஓட்டட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “தூக்கம் வர்ற மாத்திரை எதையும் போட்டுடாதீங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் மேசையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தும் மூடியும் கொண்டிருந்தார். தான் படித்த படிப்பை அப்பா வயதுள்ள ஒருவர் மேல் பிரயோகிப்பது சரிதானா என்ற கேள்வி அவர் முகத்திலேயே இருந்தது. சரிதான் என்ற பதிலும் இருந்தது.

ஸ்டோர் என்பது ஆற்றங்கரை ஓரம் தகரம் அடித்த கொட்டகை. கதவைத் திறந்தால் புல்.

“ரெண்டு மாசந்தானே மாப்ள” என்றார் மச்சான்.

“வேற ஒருத்தன் உக்காந்தா சீட்டோட உயரத்தை மாத்திடுவான் மச்சான். அப்புறம் அது என் சீட்டு இல்ல” என்றார் ஏழு. ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தார். தும்மல் ஒரு வேளை தப்பவில்லை. ஆறாம் நாள் மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்து, “புல் மகரந்தம் உங்களுக்கு ஒத்துக்கல” என்றார். மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து எழுதினார். மேலே காற்று சுத்தம் என்ற கதையைக் கேட்டு, “மகரந்தம் அங்கயும் வருங்க. நீங்க கண்ணாடிக்குள்ள இருக்கீங்க, அதான்” என்றார். பதினொரு வருடத் தத்துவம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோனதில் ஏழுவுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

சர்டிபிகேட் படிவத்தை நிரப்பியவர் நர்ஸ். வயதானவர், மூக்குக் கண்ணாடி வழியாகப் படிவத்தையும் அதற்கு மேலாக ஆளையும் மாறி மாறிப் பார்க்கிறவர்.

“தும்மல் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்க?”

“உக்காந்திருப்பேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஏணி ஏறுவேன்.”

“ஏறுறதுக்கும் உக்கார்றதுக்கும் நடுவுல?”

“மூஞ்சியைத் துடைப்பேன்.”

“மத்தியானம்?”

“சாப்ட்டுட்டு வாயைத் துடைப்பேன்.”

“சாயங்காலம் இறங்குறதுக்கு முன்னாடி?”

ஏழு தன் பையைப் பார்த்தார். நர்ஸும் அதைப் பார்த்தார். “குடுங்க அந்தத் துண்டை” என்று வாங்கி, விளக்குப் பலகையிலிருந்து ஒரு கறுப்பு எக்ஸ்ரே படத்தை உருவி மேசையில் போட்டு, அதன் மேல் துண்டை ஒரு உதறு உதறினார். யாருடையதோ விலா எலும்புகளின் மேல் மெல்லிய மஞ்சள் தூள் படிந்தது.

“யாரு துவைக்கிறா?”

“வீட்லதான்.”

“எங்க காயப்போடுறாங்க?”

“மாடில.”

“மாடிலேருந்து பாத்தா என்ன தெரியும்?”

“ஆறு.”

“ஆத்துக்கு முன்னாடி?”

“புல்லு” என்றார் ஏழு. குரல் அவருக்கே கேட்கவில்லை.

நர்ஸ் சிரித்தார். “நல்ல மனசுக்காரங்க. டப்பாவோட சேத்து நோயையும் மடிச்சு வெச்சு அனுப்பியிருக்காங்க. தலையணை உறை, போர்வை, சட்டை எல்லாத்தையும் வீட்டுக்குள்ளயே காயப்போடச் சொல்லுங்க. நாலு நாள்ல பாருங்க. ஒரு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம்.”

அந்த ஒரு நிமிடத்தைச் சொல்வதற்காகத்தான் அவர் அன்று மாலை வீட்டைக் கடந்து மொட்டைமாடிவரை ஏறினார். அவர் அங்கே போய்ப் பல வருடங்கள் இருக்கும். மனைவி வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்வியபடி துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். சில்லறைத் தையல் வேலை செய்கிறவர். கால்சட்டை விளிம்பு மடிப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க மெஷினை மிதிக்கிறவர்.

“ஐயய்யோ, இங்க எதுக்கு வந்தீங்க? புல்லு பறக்குது, கீழ போங்க” என்று கிளிப்புகளுக்கு நடுவே கத்தினார்.

“சும்மாதான். ஒண்ணு சொல்லணும்.”

“இருங்க, இதை எடுத்துடறேன்.” துண்டை எடுத்துத் தட்டி நான்காக மடித்தார். “கீழ படிக்கட்டுல போட்டா ஈர வாடை அடிக்குது. ரோட்டுப் பக்கம் போட்டா புகை. இந்தப் பக்கந்தான் வெயில் அப்படியே நின்னு அடிக்குது. உங்க துணியை மட்டும் நாலு தடவை திருப்பிப் போடுவேன். வெயில்ல காஞ்சா எல்லாம் செத்துடும். உங்க மூக்குக்காகத்தான் இவ்ளோ பாடு. மோந்து பாருங்க, வெயில் வாசனை.”

துண்டை அவர் முகத்தருகே நீட்டினார். ஒவ்வொரு வெயில் காலத்திலும் நீட்டுவது போலவே. அடைத்த மூக்குக்கு வாசனை ஏது? பதினொரு வருடங்களாகத் தான் சொல்லிவரும் பதிலையே, ஏழு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ம். நல்லா இருக்கு.”

“என்னமோ சொல்லணும்னீங்களே?”

“வெயில் ஏறிப்போச்சு, கீழ வான்னு சொல்ல வந்தேன்.”

“மணி ஆறாகுது. வெயில் எங்க ஏறுது?” என்று சிரித்தார் மனைவி.

தெரிந்ததைச் சொல்லிவிடுவதுதானே முறை, அதில் என்ன தயக்கம் என்று கேட்கத் தோன்றும். பள்ளியும் கல்லூரியும் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஆனால் அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் ‘துணியை உள்ளே போடு’ என்பதல்ல. ‘பதினொரு வருடமாக நீ படியேறியதுதான் என் நோய்’ என்பது. அந்த வாக்கியத்தை வலிக்காத மாதிரி எப்படிக் கட்டுவது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

அதனால் அவர் பொய்களைக் கட்டத் தொடங்கினார். கடையில் ஒரு நீலத் துண்டு வாங்கினார். அதைக் கேபினிலேயே வைத்துக்கொண்டார். பாட்டில் தண்ணீரில் அலசி, கண்ணாடிக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டார். வீட்டிலிருந்து வரும் வெள்ளைத் துண்டு, ஏணி ஏறும் முன்பே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய் முடிச்சு விழும். வேலைச் சட்டையைச் சைட்டிலேயே துவைத்துக்கொண்டார். சிமெண்ட் கறை வீட்டுக்கு வேண்டாமாம். தலையணை உறைக்கு வேறு வழி தெரியாமல், கழுத்து வலி என்று சொல்லித் தலையணை இல்லாமலே படுத்தார். அதைக் கேட்டு மனைவி தினமும் படுக்கும்முன் அவர் கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டார். இல்லாத வலிக்குத் தேய்த்த தைலம் மூக்கைத் திறந்துவிட்டது. “பாத்தீங்களா, கழுத்து சரியானா மூக்கும் சரியாகுது” என்றார் மனைவி. ஏழு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கெடுவின் எட்டாம் நாள் காலை ‘நில்லு’ வரவில்லை. வழக்கமான நேரத்துக்குக் கம்பி வளைக்கிறவர்கள் தாமாகவே வேலையை நிறுத்தி மேலே பார்த்தார்கள். ஒன்றும் நடக்காததால் கொஞ்சம் வெட்கத்தோடு மறுபடி குனிந்தார்கள்.

“மாப்ள, உயிரோட இருக்கியா?” என்றது வாக்கி-டாக்கி.

“இருக்கேன் மச்சான்.”

“எண்ணாம இருக்கிறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

பத்தாம் நாள் பாதுகாப்பு அதிகாரி சர்டிபிகேட்டை வாங்கிக் கோப்பில் வைத்தார். “சீட்டு உங்களுதுதான்ணே” என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதி ஏழுவின் நிம்மதியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. “எந்த டாக்டர்ணே? என்ன மருந்து?” என்று கேட்டார். ஏழு, “துண்டு மாத்தினேம்மா” என்று மட்டும் சொன்னார். அதிகாரி அதை ஏதோ பழைய கால வைத்தியம் என்று எண்ணிக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார்.

அதன் பிறகு வந்த நாட்கள் ஏழுவுக்குக் கனவு மாதிரிதான் கழிந்தன. மூக்கு இரண்டும் திறந்துகொண்டன. புல் பூக்கும் மாதத்தில் உலகத்துக்கு வாசனை உண்டு என்பதையே அவர் மறந்திருந்தார். ஈரக் கான்கிரீட் ஒரு வாசனை. ஏணியின் இரும்பு ஒரு வாசனை. காற்று ஆற்றிலிருந்து வந்தால் சேறு. ஊருக்குள்ளிருந்து வந்தால் ரொட்டி வேகிற அடுப்பு. கண்ணில் நீர் வற்றிவிட்டதால், தண்ணீருக்கடியில் கிடந்த ஊர் கரையேறி உலர்ந்து நின்றது. கூரைகளுக்கு ஓரங்கள் வந்தன. தெருவில் போகிறவர்களுக்குக் கால்கள் முளைத்தன.

பதினோரு மணிக்கு வெள்ளைக் கறை கறையாக இல்லை. புடவையின் கரை தெரிந்தது. மொட்டைமாடிக்கு ஏறும் கடைசிப் பத்துப் படிகள் திறந்த வெளியில் இருப்பவை. ஒவ்வொரு படியிலும் அவர் மனைவி இடது கையால் முட்டியை அழுத்திக்கொள்வது தெரிந்தது. துணிக்கூடையை முதலில் மேல்படியில் வைப்பதும், பிறகு தான் ஏறுவதும் தெரிந்தது. ஏறி முடித்ததும் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றார். அப்படியே நின்றார். “மாப்ள, கொக்கியை இறக்கு... மாப்ள...” என்று வாக்கி-டாக்கி கூப்பிட்டது. மனைவி நிமிர்ந்து ஒரு துணியை எடுத்து கிரேனைப் பார்த்து வீசும்வரை அவர் கை லீவரைத் தொடவில்லை.

அன்று மாலையே மடக்கிவைக்கும் இரும்புத் துணிக்கொடி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்.

“இனிமே மாடிக்கு ஏறாத. எல்லாத்தையும் இதுல போடு. முட்டி வலிக்குதுல்ல?”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“பாத்தேன்.”

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷம் இருந்தது. மறுநாள் வீட்டுக்குள் அந்தக் கொடியில் அவருடைய புடவைகளும் பாவாடைகளும் தொங்கின. ஏழுவின் துணிகள் மட்டும் மாடியில் இருந்தன.

“ஏம்மா, நான் சொன்னது என்ன?”

“என்னோடது எங்க காஞ்சா என்ன? உங்க மூக்கைவிட என் முட்டி பெருசா? இப்பத்தான் ரெண்டு வாரமா நல்லா இருக்கீங்க. இந்த நேரம் பாத்து வெயிலை நிறுத்தச் சொல்றீங்களே.”

மச்சானுக்கு எல்லாம் தெரியும். தினமும் மாலையில் ஏணியின் அடியில் நின்று, “சொல்லிட்டியா?” என்று கேட்பார். “இன்னைக்குச் சொல்லிடறேன்” என்பார் ஏழு. மறுநாள் கேள்வி வரும், பதிலும் அதேதான். “எழுபது மீட்டர் ஏறுற ஆளு, ஒரு மாடி ஏறி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறியே” என்று ஒரு நாள் மச்சான் கேலி செய்தார். ஏழு சிரிக்கவில்லை. “நான் சொல்லாத நாளுக்கெல்லாம் அவ படி ஏறிக்கிட்டிருக்கா மச்சான்” என்றார்.

பேசிக்கொண்டே இருவரும் சைட்டின் மூலையிலுள்ள குழாயடிக்கு வந்தார்கள். இதுவும் இப்போது ஒரு வழக்கம். பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்து வெள்ளைத் துண்டை வெளியே எடுப்பார். அதை நனைத்து, பிழிந்து, கசக்கிப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் மனைவி அதை எடுத்து, “இன்னைக்கு ரொம்ப வேர்வையோ?” என்பார். இவர் “ஆமா” என்பார்.

அன்று துண்டு மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. நான்கு மூலைகளும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியிருந்தன. மச்சான் குழாயைத் திறக்கக் கை நீட்டினார்.

“இரு” என்றார் ஏழு.

துண்டை இரண்டு கைகளிலும் ஏந்தி முகத்தருகே கொண்டுபோனார். மச்சான் பதறிப்போய், “ஏய், என்ன பண்ற?” என்பதற்குள் முகம் அதற்குள் புதைந்துவிட்டது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். சூடான கல், சோப்பு, உலர்ந்த பருத்தி, இவற்றுக்கெல்லாம் அடியில் பேர் தெரியாத ஏதோ ஒன்று. மனைவி சொல்லிச் சொல்லிக் காட்டிய அந்த வாசனை, பதினொரு வருடம் கழித்து அவருக்கு வந்து சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே நின்றார்.

முகத்தை இடப்பக்கம் திருப்பி, பழக்க தோஷத்தில், “நில்லு” என்றார்.

மச்சானின் கை தானாக மேலே போய் முஷ்டி மூடியது. “ஒண்ணு” என்றார். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். “ரெண்டு. மூணு. நாலு.” யாரோ சிரித்தார்கள். “அஞ்சு. ஆறு.”

ஏழு வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்து நின்றார். கண்ணில் நீர். மச்சானின் முஷ்டி மேலேயே இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நேரம் போயிற்று. அது வரவில்லை.

“ஒண்ணு பாக்கி இருக்கு மாப்ள” என்றார் மச்சான் மெதுவாக.

ஏழு குழாயைத் திறந்து துண்டைத் தண்ணீருக்கடியில் பிடித்தார்.